மூச்சு விடாத குரல்

இந்த பிஸ்கட் நன்றாக இருக்கிறது. போன வருடம் வாங்கிக்கொண்டிருந்தது தேநீரில் தொட்டவுடன் இடுப்பொடிந்து உள்ளே விழுந்துவிடும். கழகம் இந்த ஒரு விஷயத்திலாவது முன்னேறியிருப்பதைப் பார்க்க எனக்கு சந்தோஷம். தலைவர் ஐயா எனக்காக மின்விசிறியைக் கூட்ட வேண்டாம், வியர்க்கவில்லை. செயலாளர் அம்மாவும் பல் டாக்டரும் இப்படி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டிய அவசியமும் இல்லை. நம்முடையது கட்டற்ற மென்பொருள் கழகம். உள்ளே என்ன இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்பதுதான் நம் கொள்கை. நான் மட்டும் மூடி வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன்.

படியேறி வரும்போதே பல் டாக்டர் என் தோளில் கை போட்டார். "புது சிஸ்டம் ஏத்தறப்போ, 'திரையைப் படிச்சுக் காட்டற குரல் வேணுமா'ன்னு ஒரு கட்டம் வரும். அதுல டிக் போட விட்டுப்போச்சு, அவ்வளவுதானே? எனக்கே ரெண்டு தடவை விட்டுப்போயிருக்கு" என்றார். நான் தப்பித்துக்கொள்ள ஒரு சாக்கைச் சட்டை மாதிரித் தைத்துக் கையிலேயே கொண்டுவந்திருந்தார், பாவம். நல்ல மனிதர். அந்தச் சட்டை எனக்குச் சேருமா என்று கடைசியில் பார்க்கலாம்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. எனக்கு ஒரே ஒரு அக்கா. அவளுக்கு ஒரே ஒரு தம்பி. வீட்டில் வேறு யாரும் இல்லை, மாடியில் நான், கீழே அவள். அக்கா மொழிபெயர்ப்பாளர். வேற்று மொழி நாவல்களைத் தமிழில் கொண்டுவருகிறவள். கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக வாடி, முப்பத்தைந்து வயதுக்குள் பார்வை முழுவதும் போய்விட்டது. அவள் அழுது நான் பார்த்ததில்லை. "வாடகைக்குக் கண் கிடைக்குமாடா தம்பி?" என்றுதான் கேட்டாள். நான் அச்சகத்து வேலையை விட்டுவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து பல வருடங்கள், மூல நூலை நான் உரக்கப் படிப்பேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். அப்புறம் தமிழில் சொல்வாள், நான் தட்டச்சு செய்வேன். படிப்பது நான், தட்டுவது நான், நடுவில் இருக்கும் மூளை மட்டும் அவளுடையது. எனக்கு அந்த வேலை எவ்வளவு பிடித்திருந்தது என்றால், ஞாயிற்றுக்கிழமை வந்தால் எரிச்சலாக இருக்கும். என் வாயிலிருந்து வந்தால்தான் அவளுக்கு உலகம். காலையில் செய்தி, மின்சாரக் கட்டணம், பதிப்பகத்தின் கடிதம், மருந்துச் சீட்டு எல்லாமே என் குரலில்தான் அவளுக்குப் போய்ச் சேரும்.

தட்டச்சில் நான் அவள் சொன்ன ஒரு எழுத்தைக்கூட மாற்றியதில்லை. இதைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். படிக்கும்போது மட்டும் சிலவற்றைக் கொஞ்சம் மென்மையாக்குவேன். மதிப்புரையில் யாராவது அவளைக் கடித்திருந்தால் பல்லைப் பிடுங்கிவிட்டுப் படிப்பேன். பல் டாக்டருக்குப் புரியும்.

ஒரு நாவலில் கடிகாரம் பழுதுபார்க்கிற கிழவர் ஒருவர் வந்தார். அக்காவுக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். கதையின் நடுவில் அவர் பொசுக்கென்று செத்துப்போனார். அன்றைக்கு அக்காவுக்கு லேசாகக் காய்ச்சல் வேறு. எனக்கு மனசு வரவில்லை. கிழவரை ரயிலேற்றி மகள் ஊருக்கு அனுப்பிவிட்டேன். தொல்லை என்னவென்றால், அடுத்த மூன்று அத்தியாயங்களும் ஊரே ஒப்பாரி வைக்கிறது. அதற்கு ஒரு காரணம் வேண்டுமே. ரயில் தாமதம் என்று வைத்துக்கொண்டேன்.

புத்தகம் வந்தது. ரயில் தாமதத்துக்காக ஒரு நகரமே மூன்று அத்தியாயம் அழுவதை, மனித மனத்தின் ஆழத்தைத் தொட்ட இடம் என்று ஒரு பத்திரிகை பாராட்டியது. அதை நான் மென்மையாக்காமல் அப்படியே படித்தேன். பிறகு மூலம் தெரிந்த ஒரு வாசகர் பதிப்பகத்துக்குப் போன் போட்டு, கிழவர் எப்போது உயிர்த்தெழுந்தார் என்று கேட்டார். இரண்டாம் பதிப்பில் அவரைக் கொன்றுவிட்டார்கள்.

அக்கா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏண்டா, ரயில் லேட்டுன்னா ஊரே அழுமாடா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்து முடித்த மறுவாரம் அவள் ஒரு மடிக்கணினி வாங்கிவிட்டாள். பெரிய கம்பெனியின் காசு சிஸ்டம், அதன்மேல் காசு கொடுத்து வாங்கிய ஒரு குரல். திரையில் உள்ளதை எல்லாம் படித்துக் காட்டும்.

அந்தக் குரலுக்கு அவள் தகரவாயன் என்று பெயர் வைத்தாள். நிஜமாகவே தகரத்தில் ஆணி அடிப்பது போலத்தான் பேசும். முதல் வாரம் அதன் உச்சரிப்பை நானும் அவளும் சேர்ந்து கேலி செய்தோம். இரண்டாம் வாரம் அவள் அதன் வேகத்தைக் கூட்டினாள். மூன்றாம் வாரம் இன்னும் கூட்டினாள். கடைசியில் தகரக் கூரையில் மழை கொட்டுவது போல அது பொழியும், எனக்கு ஒரு சொல் பிடிபடாது, அவள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். நான் ஒரு நாளில் படித்ததை அது அரை மணி நேரத்தில் படித்தது.

ஒரு நாள் வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, இன்னைக்கு என்ன படிக்கணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லடா. இவன் பார்த்துக்கறான். இவன் கிட்ட ஒரு வசதி, மூச்சு விட மாட்டான். நீ வரிக்கு வரி மூச்சு விடுவே. அந்த இடத்துல எனக்கு யோசனை அறுந்துடும்" என்றாள். பிறகு என் கையைத் தேடிப் பிடித்து, "எனக்காக எத்தனை வருஷம் உழைச்சுட்டே. இனிமே உன் வாழ்க்கையைப் பாருடா தம்பி" என்றாள்.

பாசத்தோடுதான் சொன்னாள். என் வாழ்க்கையைப் பார்க்கலாம் என்று நானும் வெளியே கிளம்பினேன். தெருக்கோடிவரை போனதும் சைக்கிள் பஞ்சர். நேராகக் கீழே இருக்கிற இந்த சைக்கிள் கடைக்குத்தான் தள்ளிக்கொண்டு வந்தேன். ஒட்டுப்போட்டு முடிக்கும்வரை நிற்கையில் மேலேயிருந்து கைதட்டும் சிரிப்பும் கேட்டது. மேலே வந்து பார்த்தால், நீங்கள் எல்லோரும் ஒரு பழைய கணினியைச் சுற்றி நின்றுகொண்டு, அதில் பிரிண்டர் வேலை செய்துவிட்டது என்பதற்காகக் குதித்துக்கொண்டிருந்தீர்கள்.

அன்றைக்கு என் தலைகால் எனக்குப் புரியவில்லை. உங்கள் சிஸ்டத்துக்குக் காசு வேண்டாம், உரிமத்துக்குக் கெஞ்ச வேண்டாம், மூடப்போகும் நேரத்தில் 'பொறுங்கள், புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன்' என்று உங்களையே காக்க வைக்காது. தலைவர் ஐயா கரும்பலகையில் எழுதிக்காட்டினார். எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து படிக்கலாம், பிடிக்காததை மாற்றலாம், மாற்றியதை மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். பிடிக்காததை மாற்றலாம் என்ற இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்நாள் முழுக்க நான் செய்துகொண்டிருந்த காரியத்துக்கு இவ்வளவு கௌரவமான பெயர் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

அந்த வருடம் என் கால் தரையில் பாவவில்லை, உங்களுக்கே தெரியும். என் கணினியை மாற்றினேன். முடி வெட்டுகிறவர் கடையில் பாட்டுக் கேட்க வைத்திருந்ததை மாற்றினேன், பாதித் தலையோடு உட்கார்ந்திருந்த ஒருவர் தன்னுடையதையும் மாற்றச் சொன்னார். சித்தப்பாவின் கணினியை மாற்றினேன். அவருடைய சீட்டாட்டம் காணாமல் போனதில் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு நம் சிஸ்டத்தில் அதைவிட நல்ல சீட்டாட்டம் இருப்பதைக் கண்டுபிடித்து, இப்போது சித்தியோடு பேசுவதில்லை. செயலாளர் அம்மாவின் நூலகத்தில் ஒரே பகலில் எல்லாக் கணினிகளையும் மாற்றி முடித்து, மேசைமேல் ஏறி நின்று நாம் ஆடிய ஆட்டம் நினைவிருக்கிறதா அம்மா. யாரும் புத்தகம் தேட முடியாமல் ஒரு வாரம் நின்றார்கள். அந்த ஒரு வாரமும் நமக்குத் திருவிழாதான்.

மாற்றியவர்கள் எல்லோரும் எனக்குப் போன் செய்தார்கள். ஒலி வரவில்லை, எழுத்துரு உடைகிறது, எங்கே அழுத்துவது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறப்பேன். கதவைத் திறக்கும்போது அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும் பாருங்கள், அதற்காகவே இன்னும் நாலு பேரை விடுதலை செய்யலாம்.

எல்லோரையும் மாற்றிவிட்டேன், அக்கா மட்டும் பாக்கி. நான் கேட்காமல் இல்லை. சாப்பிடும்போதெல்லாம் கேட்டேன். "மத்த எதை வேணும்னாலும் மாத்திக்கோ. தகரவாயன்மேல மட்டும் கை வைக்காதே. என் பொழைப்பு அவன் வாயிலதான் இருக்கு" என்றாள். மற்ற எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று அனுமதி கொடுத்ததாகத்தான் நான் அதை எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பதிப்பகத்திலிருந்து அந்தச் செய்தி வந்தது. அக்காவை முழுநேர ஆசிரியராக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். சொந்த மேசை, சொந்த நாற்காலி, மாதச் சம்பளம், ஐந்து பேர் அவளுக்குக் கீழே. ஒரு சின்னச் சடங்குதான் மிச்சம். வருகிற திங்கட்கிழமை அவளுடைய கணினியோடு அலுவலகத்துக்கு வந்து, மேலாளர் முன்னால் ஒரு அத்தியாயத்தைத் திருத்திக் காட்ட வேண்டும். அக்கா வீட்டுக்குள் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே. சுவரைத் தொடாமலே நடந்தாள். "காலைல பஸ் பிடிச்சு நானே போய் நானே வருவேன்டா. நீ என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போன காலம் எல்லாம் முடிஞ்சுது" என்றாள். நான் அவளுக்காக மிகவும் சந்தோஷப்பட்டேன்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை, பகல் வெளிச்சத்தில், காரியத்தைச் செய்தேன். அக்காவுக்குக் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை. பல் டாக்டரே, அவள் உங்கள் நாற்காலியில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் நான் வீட்டில் அவள் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் நிதானமாக வேலை செய்கிறவர் என்பது எனக்கு உதவியாக இருந்தது. அவளுடைய கோப்புகளை எல்லாம் முதலில் பத்திரமாக வெளியே எடுத்து வைத்தேன், ஒரு வரிகூடத் தொலையவில்லை. பிறகு வட்டு முழுவதையும் அழித்து நம் சிஸ்டத்தை ஏற்றினேன். நீலப் பட்டை இடமிருந்து வலமாக நகர நகர எனக்குள் ஏதோ ஒன்று பாட ஆரம்பித்தது. நூலகத்தில்கூட அவ்வளவு இன்பம் வரவில்லை.

அக்கா ஒரு பக்கம் வீங்கிய கன்னத்தோடு, மரத்துப்போன உதட்டோடு வந்தாள். நேராகப் போய்க் கணினியைத் திறந்தாள். வழக்கமான இரண்டு பொத்தான்களை அழுத்தினாள். காத்திருந்தாள். மறுபடி அழுத்தினாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"தம்பி" என்றாள். உதடு மரத்திருந்ததால் குழந்தை பேசுவது போல வந்தது. "பல்லுக்குப் போட்ட ஊசி காதுக்கும் போயிடுமாடா?"

நான் பதில் சொல்வதற்குள் விரல் முட்டியால் மேசையைத் தட்டிப் பார்த்தாள். "மேசை கேக்குது" என்றாள். தன் காதுப் பக்கத்தில் விரலைச் சொடுக்கினாள். "அதுவும் கேக்குது. இவன் மட்டும் கேக்கலையே. டேய், காதும் போயிட்டா நான் என்னடா பண்ணுவேன்?"

அவள் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். கண் போனபோதுகூட இப்படி இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம். தோளைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். காது நன்றாக இருக்கிறது, சிஸ்டத்தைத்தான் மாற்றியிருக்கிறேன், இனி நீ எந்தக் கம்பெனிக்கும் அடிமை இல்லை என்று சொன்னேன். அவள் அந்த இரண்டு பொத்தான்களையும் மறுபடி ஒரு முறை அழுத்தினாள். பிறகு, "இதுல குரல் எங்கே?" என்றாள்.

"இதுல இன்னும் தமிழ்க் குரல் வரலக்கா. உலகம் முழுக்க உழைச்சுக்கிட்டிருக்காங்க. சீக்கிரம் வந்துடும்."

"பழையதைத் திருப்பிப் போடேன்."

"அந்த உரிமம் அழிஞ்சுபோச்சுக்கா. புதுசா வாங்கி வரவழைக்க நாள் ஆகும்."

"திங்கக்கிழமை?"

"நான் இருக்கேன்ல" என்றேன். இதைச் சொல்லும்போது என் குரலே எனக்குப் பிடித்திருந்தது.

திங்கட்கிழமை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். பதிப்பகத்தில் கணினி பார்க்கிற ஆள் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இது நமக்குப் பழக்கமில்லாத சிஸ்டம்மா" என்று ஒதுங்கிக்கொண்டார். நான் அத்தியாயத்தை வாசித்தேன், அக்கா திருத்தங்களைச் சொன்னாள், நான் தட்டினேன். ஒவ்வொரு திருத்தமும் முத்து முத்தாக இருந்தது, மேலாளரே தலையை ஆட்டினார். எல்லாம் முடிந்தபின் அவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த நாற்காலியைப் பார்த்தார். "உங்க திறமையில சந்தேகமே இல்லம்மா. ஆனா நாற்காலி ஒண்ணுதானே இருக்கு. ரெண்டு பேரா வந்தா நான் யாரை வேலைக்கு எடுத்ததா மேலே சொல்றது?" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த நாற்காலி வேறு ஒருவருக்குப் போனது.

பேருந்தில் அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பார்க்க முடியாதவள் எதற்கு ஜன்னல் பக்கம் திரும்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இறங்கும்போது என் கையைத் தேடினாள். "விடுடா. நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சே. உன் தப்பா அது" என்றாள். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. அவள் விரல்கள் என் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்திருந்தன, எத்தனையோ நாளைக்குப் பிறகு. தெருவில் துள்ளிக் குதிக்காமல் நடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதன் பிறகு பழையபடியே ஆகிவிட்டது வாழ்க்கை. நான் படிக்கிறேன், அவள் சொல்கிறாள், நான் தட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எரிச்சலாக இருக்கிறது.

இனி உங்கள் பங்குக்கு வருகிறேன். அக்கா எதையும் சும்மா விடுகிறவள் அல்ல. ஒரு நாள் காலையில், "உங்க கழகத்துக்கு ஒரு மெயில் போடணும், தட்டு" என்றாள். தாங்கள் செய்வது நல்ல காரியம், ஆனால் பார்வையில்லாதவர்களுக்குத் தங்கள் சிஸ்டத்தில் குரல் இல்லையே, ஏதாவது வழி உண்டா என்று தன்மையாகக் கேட்டிருந்தாள். நான் ஒரு எழுத்தும் மாற்றாமல் தட்டி அனுப்பினேன். அனுப்பாமல் அனுப்பியதாகச் சொல்லியிருக்கலாமே என்று செயலாளர் அம்மாவின் முகம் கேட்கிறது. அது பொய் அல்லவா அம்மா. அவள் வார்த்தையில் நான் கை வைத்ததே கிடையாது.

உங்கள் பதில் மறுநாளே வந்தது. நம் கழகத்தின் வேகம் அப்படி. எதுவானாலும் மின்னஞ்சல்தான், எழுத்தில்தான், சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நகலோடுதான் என்பது நம் விதி எண் ஒன்று. கீழே சைக்கிள் கடையில் புகை கிளம்பியபோதுகூட, தலைவர் ஐயா இந்த மேசையில் உட்கார்ந்து, 'பொருள்: தீ' என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிட்டுத்தான் படியிறங்கினார். அந்த ஒழுங்கை நான் என்றும் மெச்சுகிறேன்.

உங்கள் பதிலில் எல்லாம் தெளிவாக இருந்தது. நம் சிஸ்டத்தில் குரல் உண்டு, தமிழிலும் உண்டு, இலவசம், ஏற்றுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, தங்கள் தம்பியே செய்துவிடுவார். அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். "என்ன எழுதியிருக்காங்க, படி படி" என்றாள். நான் மூச்சு விடாமல் படித்தேன். அன்புள்ள அம்மா, தங்கள் அக்கறைக்கு நன்றி. தாங்கள் கேட்ட வசதி எங்கள் சிஸ்டத்தில் தற்போது இல்லை. வருந்துகிறோம். கையெழுத்தில் தலைவர் ஐயாவின் பெயரை மட்டும் உள்ளபடியே படித்தேன்.

"வேற ஒண்ணும் எழுதலையா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா."

அவள் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். போன வாரம் இன்னொரு மின்னஞ்சல் தட்டச் சொன்னாள். குரல் இல்லை என்று தாங்கள் எழுதியதிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன், அதை உருவாக்க ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன், தமிழ் உச்சரிப்பைத் திருத்தித் தருகிறேன், எனக்குச் சம்பளம் எதுவும் வேண்டாம், என்னைப் போல இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள். என் அக்கா எவ்வளவு பெரிய மனுஷி. அதையும் எழுத்து மாறாமல் அனுப்பினேன். 'குரல் இல்லை என்று நாம் எப்போது எழுதினோம்' என்று நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள், இன்று என்னை அழைத்து பிஸ்கட் கொடுக்கிறீர்கள்.

சரி, அந்த டிக். பல் டாக்டர் தைத்துக் கொண்டுவந்த சட்டையைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

டிக் விட்டுப்போகவில்லை. முதல் திரையில் அந்தக் கட்டம் வந்ததுமே போட்டேன். தமிழ்க் குரலையும் சேர்த்துத்தான் ஏற்றினேன். எல்லாம் முடிந்ததும் அது பேசியது. தகரம் இல்லை, ஆணி இல்லை. பெண் குரல், தெளிவாக, கொஞ்சம் நிதானமாக, 'வணக்கம்' என்றது. எனக்குப் புல்லரித்தது. உலகத்தில் யார் யாரோ காசு வாங்காமல் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார்களே என்று எழுந்து நின்று கைதட்டினேன், தனியாக. சோதித்துப் பார்க்க அந்தக் கடிகாரக் கிழவர் கதையின் இரண்டாம் பதிப்பைத் திறந்து கொடுத்தேன். அது படித்தது. கிழவர் இறந்துபோனார். அது தயங்கவே இல்லை. வேகத்தைக் கூட்டினேன், இன்னும் தெளிவாகப் படித்தது. இது தகரவாயனைவிட நல்ல குரல் என்று எனக்குப் புரிந்தது. இதைக் கேட்டுவிட்டால் அக்கா திங்கட்கிழமை அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவாள், அப்புறம் என்றைக்கும் என் கையைத் தேட மாட்டாள்.

அதனால் நீக்கினேன். நம் சிஸ்டத்தில் அதற்கு ஒரே ஒரு வரிக் கட்டளை போதும். காசு சிஸ்டமாக இருந்திருந்தால் எத்தனை கேள்வி கேட்டிருக்கும். பிடிக்காததை மாற்றிக்கொள்ளும் உரிமையை நான் வேறு எங்கும் இவ்வளவு முழுமையாக அனுபவித்ததில்லை.

செயலாளர் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். நான் அவளை ஒரு நாளும் பட்டினி போட்டதில்லை, கடுமையாக ஒரு சொல் சொன்னதில்லை. அவள் மனம் நோகிற எதுவும் என் வாயிலிருந்து அவள் காதுக்குப் போனதில்லை. ஒரு கம்பெனியின் பிடியிலிருந்து அவளை விடுவித்திருக்கிறேன், அதுவும் இலவசமாக.

தலைவர் ஐயா ஏற்கெனவே தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டார் போலிருக்கிறது. பழக்கம். என்னைக் கழகத்திலிருந்து நீக்குவதாக இருக்கும், காரணங்களும் விரிவாக இருக்கும், குரலை எப்படி ஏற்றுவது என்றும் மறுபடி விளக்கியிருப்பார். பெறுநர் வரிசையில் அக்காவின் முகவரியையும் போட்டுவிட்டார், இங்கிருந்தே தெரிகிறது. சரியான முறை அதுதான்.

அனுப்புங்கள் ஐயா. நான் கிளம்புகிறேன், வீடு போய்ச் சேர்வதற்குள் அது வந்துவிடும். அக்கா காத்துக்கொண்டிருப்பாள். நான் படித்துக் காட்டுகிறேன்.